அலையைப் பரப்புவது ஒளிவது அல்ல

அமெரிக்க ஹாம் (அமெச்சூர்) வானொலி உலகில் ஒரு கருத்து நாற்பது ஆண்டுகளாக வேரோடி நிற்கிறது. ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் ராணுவத்துக்காகப் பிறந்த மறைவு முறை. சாதாரண ஹாம் ஒருவர் அதைக் கேட்டுப் பின்தொடர முடியாது. பக்கத்திலிருப்பவரின் ரிசீவரில் அது இரைச்சலைக் கூட்டும். ஆகவே அதற்குத் தனிக் கடிவாளம் வேண்டும். இறுக்கிப் பிடித்ததால் நஷ்டம் ஒன்றுமில்லை, அனுமதி கொடுத்தபோதும் அதைத் தொட ஆளில்லையே என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அனுபவமுள்ளவர்கள், நல்லெண்ணம் கொண்டவர்கள் சொல்லும் வாதம் இது. ஆனாலும் அதன் மூன்று கால்களில் இரண்டு நிற்கவே நிற்காது. மூன்றாவது கால் பாதி நிற்கும். அந்தப் பாதியைக் காக்க இப்போதிருக்கும் விதி உதவவில்லை.

முதலில் விஷயம் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஹாம்களின் வழக்கமான எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் ஒரு பேச்சு சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் முழுச் சக்தியோடு போகும். ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரத்தில் அதே செய்தி தனக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அகலத்தில் விரிக்கப்படுகிறது. விரிப்பதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. அனுப்புநரும் பெறுநரும் ஒரே ஒழுங்கில் அதிர்வெண்ணை மாற்றி மாற்றித் தாவுவது ஒன்று. செய்தியின் ஒவ்வொரு பிட்டையும் வேகமாக மாறும் நீண்ட எண்தொடரால் பெருக்கி அனுப்புவது மற்றொன்று; இதை நேரடித் தொடர் முறை என்பார்கள். ஒரு குடம் தண்ணீரைச் சொம்பில் ஊற்றினால் வழிந்தோடும். அகன்ற முற்றத்தில் ஊற்றினால் தரை நனையும், அவ்வளவுதான். பெறுநர் அந்த எண்தொடரை அறிந்திருந்தால் சிதறியதைத் திரும்பக் கூட்டி எடுத்துவிடுகிறார். 20,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை இரைச்சலுக்கு வெகுகீழே புதைந்து கிடந்தும் நம் கைபேசி அதைப் பிடித்துவிடுவதற்கு சில்லுகள் எனப்படும் 1,023 உறுப்புகள் கொண்ட அத்தகைய தொடர்தான் காரணம்.

இனி, விதியின் கதை. 1981-இல் அமெரிக்கத் தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் சிறப்பு அனுமதி பெற்று, ஆம்ராட் என்ற ஹாம் ஆய்வு அமைப்பு ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் சோதனைகளில் இறங்கியது. 1985-இல் ஆணையம் அந்த முறையை ஹாம்களுக்கு அனுமதித்தது. விதி 1986-இல் நடைமுறைக்கு வந்தது. 420 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும், 100 வாட் வரை. இதுவரை நியாயம்தான். அதற்கப்பால் விதி, ஹாமின் பட்டறைக்குள் நுழைந்து அவர் கையைப் பிடித்தது. தாவல் முறையையும் நேரடித் தொடர் முறையையும் கலக்கக் கூடாது. எண்தொடர், அதை உருவாக்கும் ஷிப்ட் ரெஜிஸ்டர் என்ற சுற்று ஒன்றே ஒன்றிலிருந்துதான் வர வேண்டும். அந்த ரெஜிஸ்டர் 7, 13 அல்லது 19 படிகள் கொண்டதாக இருக்க வேண்டும். எந்தப் படியிலிருந்து எதற்குப் பின்னூட்டம் போக வேண்டும் என்பதும் எழுதித் தரப்பட்டது. வெளிவரும் தொடரை மாற்றக் கூடாது. ஒவ்வொரு ஒலிபரப்புக்கும் தொழில்நுட்ப விவரங்களோடு பதிவேடு எழுதி, கடைசிப் பதிவுக்குப் பின் ஓராண்டு வைத்திருக்க வேண்டும்.

மூன்று ரெஜிஸ்டர்கள் என்றால் மூன்றே மூன்று தொடர்கள்: 127, 8,191, 5,24,287 சில்லுகள் நீளமுள்ளவை. இரண்டு ரெஜிஸ்டர்களின் வெளியீட்டைக் கூட்டிச் செய்யும் கோல்டு தொடருக்கு இடமில்லை. அதாவது ஜிபிஎஸ் பயன்படுத்தும் தொடரை ஒரு ஹாம் தன் வீட்டு மாடியிலிருந்து சோதித்துப் பார்ப்பது அன்று சட்டவிரோதம். பதினொரு சில்லு பார்க்கர் தொடரும் பட்டியலில் இல்லை. இந்தப் பார்க்கர் தொடரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1985-இல் அதே ஆணையம் இன்னொரு முடிவும் எடுத்தது. 902–928, 2400–2483.5, 5725–5850 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைகளில், எந்த உரிமமும் இல்லாத எவரும் ஒரு வாட் வரை ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் கருவிகளை இயக்கலாம் என்றது. தொழில்துறைச் சூடேற்றும் கருவிகளுக்கும் மைக்ரோவேவ் அடுப்புகளுக்கும் ஒதுக்கிவிடப்பட்ட, யாரும் மதிக்காத பகுதிகள் அவை. அங்கே எந்தத் தொடர், எத்தனை படி ரெஜிஸ்டர் என்று ஆணையம் கேட்கவில்லை. எவ்வளவு சக்தி, எவ்வளவு அகலம் என்பன போன்றவற்றையே பார்த்தது. அந்தச் சுதந்திரத்திலிருந்து வந்ததுதான் வைஃபை. 1997-இல் வெளியான முதல் 802.11 தரநிலையில் நேரடித் தொடர் முறைக்கு எடுத்துக்கொண்டது, ஹாமுக்கு மறுக்கப்பட்டிருந்த அதே பதினொரு சில்லு பார்க்கர் தொடரை.

தேர்வெழுதி, உரிமம் பெற்று, அழைப்புக் குறியைச் சொல்லிவிட்டுப் பேசும் ஹாமுக்கு மூன்று தொடர்கள். தேர்வும் இல்லை, பெயரும் இல்லை என்ற பொதுமக்களுக்கு எல்லாத் தொடர்களும். வானொலிக் கலையை முன்னேற்றுவது ஹாம் சேவையின் நோக்கங்களில் ஒன்று என்று ஆணையத்தின் 97-ஆம் பகுதி விதிகளின் முதல் பிரிவே சொல்கிறது. கட்டுப்பாடு நஷ்டம் எதையும் தரவில்லை என்பவர்கள் இந்த இரண்டு 1985-களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அனுமதி இருந்தும் யாரும் பயன்படுத்தவில்லை என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. தொண்ணூறுகளில் கடையில் கிடைத்த ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் மின்னணுச் சில்லுகளும் கருவிகளும் உரிமமற்ற சந்தைக்காகச் செய்யப்பட்டவை. ஹாம்களின் மூன்று தொடர்களுக்கு அவை பொருந்தாது. ஆகவே ஆர்வமுள்ள ஹாம், சந்தையில் மலிவாகக் கிடைத்ததை ஒதுக்கிவிட்டு, விதிக்கேற்ற கருவியைத் தொடக்கத்திலிருந்து தானே கட்ட வேண்டியிருந்தது. கட்டியபின் பேசுவதற்கு எதிர்முனையில் இன்னொருவர் அதையே கட்டியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட நிலத்தில் பயிர் முளைக்காததை வைத்து விதையில் குற்றம் காண்பது முறையல்ல.

1999-இல் ஆணையமே தொடர்ப் பட்டியலை நீக்கியது. அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2002-இன் இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் வந்தது. அடுத்த ஆண்டு அதன் மென்பொருளின் மூலநிரல் பொதுவெளிக்கு வந்தது. ஹாம்கள் அதைப் பிரித்து, மென்பொருளை மாற்றி, தங்கள் அழைப்புக் குறியைச் சேர்த்து, மலைக்கு மலை வலைப்பின்னல் கட்டினார்கள். வைஃபையின் முதல் ஆறு சேனல்கள், ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட 2390–2450 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்குவது இதற்கு வழி செய்தது. பிராட்பேண்ட்-ஹாம்நெட், ஏஆர்இடிஎன் போன்ற அமைப்புகள் அந்த வழியில் வளர்ந்தவை. இணையம் அறுந்துபோகும் பேரிடர் நாளில் தாமே நிற்கக்கூடிய வலைகளை அவை அமைக்கின்றன. பட்டியல் போனதும் ஆட்கள் வந்தார்கள்.

அந்த 1999 விதி ஒரு விலங்கைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வாட்டுக்கு மேல் போனால் கருவி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும். பெறும் இடத்தில் ஒரு பிட்டின் ஆற்றலுக்கும் இரைச்சல், குறுக்கீடு இரண்டின் கூட்டுக்கும் உள்ள விகிதம் 23 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்றது அது. செல்போன் கோபுரத்துக்கும் கைபேசிக்கும் இடையே இப்படிப்பட்ட தானியங்கிக் கட்டுப்பாடு இயல்பானது. சிடிஎம்ஏ வலையமைப்பின் உயிரே அதுதான். அங்கே எல்லாக் கைபேசிகளும் ஒரே கோபுரத்தைப் பார்த்துப் பேசுகின்றன. ஹாம்கள் அப்படிப் பேசுவதில்லை. ஒருவர் பேச ஐந்து பேர் ஐந்து தூரங்களில் கேட்பார்கள். ஒரு வழி பீக்கனுக்குப் பதில் சொல்ல எதிர்முனையே கிடையாது. யாருடைய ரிசீவரில் 23 டெசிபெல்? விடையில்லாத அந்தக் கேள்வியால் ஒரு வாட்டே நடைமுறை உச்சவரம்பாகிப்போனது. 2011-இல் அந்த விதி நீக்கப்பட்டது. ஆனால் கூடவே உச்சவரம்பு 100 வாட்டிலிருந்து 10 வாட்டாக இறங்கியது. எந்தச் சூழலிலும் 10 வாட்டைத் தாண்டக் கூடாது என்பதே இன்றைய நிலை.

இனி ரகசியம் என்ற குற்றச்சாட்டு. ஹாம் அலைவரிசைகள் தம்மைத் தாமே காவல் காப்பவை. ஒருவர் பேசுவதை எவரும் கேட்க முடிவதால்தான் வணிகமும் வக்கிரமும் உள்ளே நுழையாமல் இருக்கின்றன என்பது உண்மை. அந்த உண்மையை நானும் உயர்வாக மதிக்கிறேன். பொருளை மறைக்கும் நோக்கத்தோடு செய்தியைக் குறியீடாக்குவது எல்லா முறைகளுக்கும் பொதுவாகவே தடை செய்யப்பட்டிருக்கிறது. நாடுகளுக்கிடையிலான ஹாம் தொடர்புக்குப் பன்னாட்டு வானொலி ஒழுங்குமுறையும் அதையே சொல்கிறது. அந்தத் தடை அப்படியே இருக்கட்டும். மெஷ்டாஸ்டிக் போன்ற மென்பொருளை ஹாம் உரிமத்தில் இயக்குபவர் மறையாக்கத்தை அணைத்துவிட வேண்டும் என்பது சரியான நிபந்தனை.

ஆனால் மறைப்பதும் விரிப்பதும் வெவ்வேறு செயல்கள். ஒரு தொடரை அச்சிட்டு வெளியிட்டுவிட்டால் அதை வைத்து யாரிடமிருந்து எதை மறைக்க முடியும்? ஜிபிஎஸ்ஸின் பொதுத் தொடர்கள் உலகமே அறிந்தவை. அதனால்தான் எந்த நாட்டுக் கைபேசியும் அவற்றைப் படிக்கிறது. அதிர்வெண் தாவல் என்ற யோசனையே பொது ஆவணத்தில் இருப்பது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் 1942 ஆகஸ்டில் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, 88 அதிர்வெண்களுக்கிடையே தாவி எதிரியின் குறுக்கீட்டிலிருந்து டார்பிடோவைக் காப்பதை விவரிக்கிறது. ராணுவத் தேவையிலிருந்து பிறந்தது என்பதாலேயே ஒன்று நிரந்தர ரகசியமாகிவிடாது.

தன் ரிசீவரில் கேட்டால் புரியவில்லை என்பது வேறு குறை. அது இந்த முறைக்கு மட்டும் உரியதல்ல. ஏஎம் ரிசீவர் வைத்திருந்த தலைமுறைக்கு எஸ்எஸ்பி பேச்சு வாத்தின் கத்தலாகத்தான் கேட்டது. அதற்கும் அன்று எதிர்ப்பு எழுந்தது, இன்று அதுவே ஹாம் பேச்சின் பொதுமொழி. எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையைக் காதால் படிப்பவர் யாருமில்லை. டி-ஸ்டார் என்ற டிஜிட்டல் முறையில் வரும் குரலைத் திறக்க, ஒரு நிறுவனத்தின் தனியுரிமைக் குரல் குறியாக்கம் வேண்டும். பேக்டர்-4 மோடத்தின் கதையும் அதுவே. இவற்றையெல்லாம் அனுமதித்துவிட்டு, தொடரை அச்சிட்டுத் தரத் தயாராக இருக்கும் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரத்தை மட்டும் மறைவு முறை என்பது அளவுகோலையே மாற்றிப் பிடிப்பதாகும். டிஜிட்டல் குறியீடுகளுக்கு விதிகளில் ஏற்கெனவே ஒரு நல்ல கொள்கை இருக்கிறது: தொழில்நுட்ப விவரம் பொதுவெளியில் ஆவணமாக இருக்க வேண்டும். அதையே இங்கும் வைத்தால் போதும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மென்பொருள் வானொலிக் கருவியும் இலவசமான குனு ரேடியோவும் இருக்கும் காலத்தில், வெளியிடப்பட்ட தொடரைக் கூட்டிப் படிப்பது கண்காணிப்பாளர்களால் முடியாத காரியமல்ல.

அடுத்தது குறுக்கீடு. இதுதான் பாதி நிற்கும் கால். ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரத்தை ஆதரிப்பவர்கள் சிலர், எல்லாம் இரைச்சலுக்குக் கீழே போய்விடும், யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. 10 வாட்டை ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் விரித்தால், 2.5 கிலோஹெர்ட்ஸ் அகல ரிசீவர் ஒன்றுக்குள் அதில் நானூறில் ஒரு பங்கு, அதாவது 25 மில்லிவாட், விழும். 432 மெகாஹெர்ட்ஸில் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் தடையின்றி நேர்க்கோட்டில் இருப்பவருக்கு அந்த 25 மில்லிவாட்டும் நன்றாகவே கேட்கும். நிலவில் பட்டுத் திரும்பும் மங்கலான எதிரொலியைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது அந்த இரவையே பறித்துவிடும். குறுகிய சமிக்ஞை என்றால் அவர் கொஞ்சம் விலகிக்கொள்ளலாம். விரிந்த சமிக்ஞையிலிருந்து விலக இடமில்லை. இந்த அச்சம் நியாயமானது. இதற்கு மதிப்பளிக்காத எந்த மாற்றமும் எனக்கு வேண்டாம்.

ஆனால் இந்த அச்சத்தை 10 வாட் உச்சவரம்பு தீர்க்கிறதா? இல்லை. மேலே சொன்ன கணக்கே 10 வாட்டுக்கான கணக்குதான். விதிக்கு முழுமையாக உட்பட்ட ஒருவர் அந்த நிலவு வேட்டைக்காரரின் இரவைக் கெடுக்க முடியும். மறுபுறம், அதே 10 வாட்டைப் பத்து மெகாஹெர்ட்ஸில் விரிப்பவர் ஒரு மெகாஹெர்ட்ஸில் விரிப்பவரைவிடப் பத்தில் ஒரு பங்கு தொந்தரவே தருகிறார். விதி இருவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. பக்கத்து ரிசீவருக்கு முக்கியமானது ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு எவ்வளவு சக்தி என்ற அடர்த்தி. மொத்தச் சக்தியை மட்டும் அளக்கும் விதி, தவறான இடத்தில் அளக்கிறது.

அந்த 432 மெகாஹெர்ட்ஸ் அடங்கிய 70 சென்டிமீட்டர் அலைவரிசையில் மற்றவர்களுக்கு என்ன அனுமதி என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ராணுவத் தளங்களை ஒட்டிய சில பகுதிகளைத் தவிர, எஸ்எஸ்பி பேசுபவருக்கு 1,500 வாட் வரை இடமுண்டு. 3 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு 500 வாட். ஒரு மெகாஹெர்ட்ஸில் 10 வாட்டை விரிப்பவருக்கு ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு நூறில் ஒரு வாட். இரண்டுக்கும் இடையே 50,000 மடங்கு வித்தியாசம். குறுகிய சமிக்ஞையோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்றால் ஹாம் தொலைக்காட்சியோடு ஒப்பிடலாம். அது 6 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறது. அங்கும் உச்சவரம்பு அதே 1,500 வாட். விரிந்த சமிக்ஞை அண்டை வீட்டாரைக் கெடுக்கும் என்பதே காரணமானால், ஆறு மெகாஹெர்ட்ஸ் படத்துக்கு 1,500-ம் ஒரு மெகாஹெர்ட்ஸ் தரவுக்கு 10-ம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? தொலைக்காட்சிக்காரர்கள் பெரும்பாலும் மங்கல் சமிக்ஞைப் பகுதிகளைத் தவிர்த்து, அலைவரிசைத் திட்டத்தை மதித்து, ஒருவரோடொருவர் பேசி ஒத்துப்போகிறார்கள். அந்த ஏற்பாடு பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கும் அது ஓடும்.

விதி நுட்பத்தைப் பிடித்துக்கொண்டு விளைவை விட்டுவிட்டதன் இன்னொரு பலன், 2.4 கிகாஹெர்ட்ஸில் தெரிகிறது. பழைய 802.11பி வேகங்களில் ரவுட்டர் பேசினால் அது ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம். 10 வாட் வரம்பு. அதே ரவுட்டர் அதே சேனலில், ஏறக்குறைய அதே அகலத்தில், ஓஎஃப்டிஎம் முறையில் 54 மெகாபிட் வேகத்துக்கு மாறினால் அது ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரமாகக் கருதப்படுவதில்லை. பொது வரம்பான 1,500 வாட்டுக்குள் போய்விடுகிறது. பக்கத்து ரிசீவருக்கு இரண்டும் ஒரே மாதிரியான இரைச்சல்தான். லோரா விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். பிரான்சின் கிரெனோபில் நகரச் சிறு நிறுவனம் ஒன்றில் பிறந்து இன்று செம்டெக் விற்கும் இந்தச் சிர்ப் (அதிர்வெண்ணைத் தொடர்ச்சியாக நகர்த்தும்) முறை, 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், தன் மிக மெதுவான நிலையில், இரைச்சலின் நூறில் ஒரு பங்கு வலிமையுள்ள சமிக்ஞையையும் படித்துவிடும். சில நூறு ரூபாய்ச் சில்லு அது. இது அந்த விதிக்குள் வருமா வராதா என்று ஹாம்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். சோதனையில் செலவாக வேண்டிய மாலைப் பொழுதுகள் விதியை விளக்குவதில் செலவாகின்றன.

வரலாறு இங்கே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1912-இன் அமெரிக்கச் சட்டம் ஹாம்களை 200 மீட்டருக்கும் அதற்குக் குறைவான அலைநீளங்களுக்கும் தள்ளியது. அன்றைய நம்பிக்கைப்படி அது பயனற்ற பகுதி. 1921 டிசம்பரில் அமெரிக்க ஹாம்களின் சமிக்ஞை ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் கேட்டது. 1923-இல் அட்லாண்டிக்கின் இரு கரைகளும் சிற்றலையில் ஒன்றோடொன்று பேசின. அந்தச் சட்டம் எல்லை வகுத்தது. எல்லைக்குள் எந்தச் சுற்று, எந்த வால்வு என்று சொல்லவில்லை. கண்டுபிடிப்பு நடந்தது அந்த இடைவெளியில்தான். 1985-இல் ஹாம்களுக்கு எல்லையோடு சுற்றுப்படமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அதனால்தான் வைஃபையின் பிறப்புக் கதையில் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது.

ஆகவே கேட்பது கட்டற்ற சுதந்திரமல்ல. பொருளை மறைக்கும் தடை நீடிக்கட்டும். பயன்படுத்தும் தொடரும் முறையும் பொதுவெளியில் ஆவணமாகட்டும். எளிய முறையில் அழைப்புக் குறி ஒலிக்கட்டும். மற்ற முறைகளில் பேசுபவர்களுக்குத் தீங்கான குறுக்கீடு செய்யாதே, அவர்கள் தருவதைப் பொறுத்துக்கொள் என்ற இன்றைய நிபந்தனை அப்படியே இருக்கட்டும். புகார் வந்தால் ஒலிபரப்பை நிறுத்தவும் பதிவேடு கேட்கவும் ஆணையத்தின் அதிகாரிக்கு இப்போதிருக்கும் அதிகாரமும் இருக்கட்டும். நிலவு எதிரொலி, செயற்கைக்கோள், மங்கல் சமிக்ஞைப் பகுதிகளில் விரிந்த சமிக்ஞை நுழையக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதட்டும். இன்றைய விதியைவிட அது அங்கே கேட்பவர்களை நன்றாகக் காக்கும். இவையெல்லாம் ஆனபின், 10 வாட் என்ற தனி வரம்பை எடுத்துவிட்டு, ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு இவ்வளவு என்ற அடர்த்தி வரம்பை எல்லா அகன்ற முறைகளுக்கும் பொதுவாக வையுங்கள். தொலைக்காட்சி, ஓஎஃப்டிஎம், லோரா, நேரடித் தொடர் எதுவானாலும் ஒரே தராசு.

எச்சரிக்கையாக இருப்பவர்களை நான் எதிரிகளாகப் பார்க்கவில்லை. அவர்கள் காக்க நினைக்கும் அலைவரிசைகளைத்தான் நானும் காக்க நினைக்கிறேன். ஆனால் போதிய அளவு பயன்படுத்தாத அலைவரிசை அதிக நாள் கையில் நிற்காது. 2020-இல் எஃப்சிசி, 3.3–3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியை ஹாம்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள முடிவு செய்தபோது அதைக் கேட்டவர்கள் கைபேசித் துறையினர். அங்கே வலைப்பின்னல் கட்டியிருந்த ஹாம்களில் ஒரு பகுதியினர் இடம் மாற வேண்டியதாயிற்று. மைக்ரோவேவ் பகுதிகளில் ஹாம்களுக்கு இடம் எதற்கு என்று இனியும் கேட்பார்கள். இங்கே புதிதாக ஒன்றைச் செய்கிறோம், திறந்த முறையில் செய்கிறோம், யாருக்கும் தீங்கில்லாமல் செய்கிறோம் என்பதைத் தவிர அதற்கு வலுவான பதில் இல்லை. அந்தப் பதிலைச் சொல்லும் தகுதியை ஹாம்களுக்குத் தருவதுதான் விதியின் வேலை. நாற்பது ஆண்டுகளாக அது எதிர்த்திசையில் இழுத்திருக்கிறது. இப்போதாவது திருத்த வேண்டும்.